இறாலின் கூன்

முத்தாண்டி இறாலுக்குப் பிறவிக் கூன். பெண் பார்க்கப் போகிற அன்றைக்காவது நிமிர்ந்து நிற்க ஆசைப்பட்டு நண்டு வைத்தியரிடம் போனான். பெண்ணுக்கும் அதே கூன்தான். அது வேறு கதை.

"கால் முன்னாடி வரப் பிறந்தவன் உதைச்சா முதுகுப்பிடிப்பு ஓடிரும். எனக்குப் பத்துக் காலும் முன்னாடி வந்துச்சுடா. குப்புறப் படு!" என்றார் நண்டு.

பாசியைத் தடவி நீவினார். பத்துக் காலாலும் உதைத்தார். மூன்றாம் நாள் முத்தாண்டி குச்சிபோல் நிமிர்ந்துவிட்டான். சந்தோஷம் தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு கொடுவா மீன் வாயைப் பிளந்துகொண்டு வந்தது. முத்தாண்டி சட்டென்று வளைந்து, வாலை அடித்து, பின்பக்கமாகப் பாய்ந்து தப்பினான். கூனும் திரும்பி வந்துவிட்டது.

"மூணு நாள் உதையும் வீணாப் போச்சே, வைத்தியரே!"

பாறை இடுக்கிலிருந்து நண்டு கண்ணை மட்டும் நீட்டினார்.

"என்னடா வீண்? என்கிட்ட உதை வாங்கலேன்னா இவ்வளவு லேசா வளைஞ்சிருப்பியா?"