உயிரோடு இருக்கும் வேலை

ஒவ்வொரு திங்கட்கிழமையும் வேலையில் இருப்பவர்களின் கூலி உயர்ந்தது. அன்றே பாலும் மாத்திரையும் விலை ஏறின. ஓய்வூதியம் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. ஆலையில் நூற்பு வேலை பார்த்து ஓய்வுபெற்ற தங்கபுஷ்பம், இரத்த அழுத்த மாத்திரையைப் பாதியாக உடைத்து விழுங்கினாள்.

ஓய்வூதியர்கள் தினமும் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். தெருமுனை இயந்திரத்தின் முன் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, பெயரைச் சொல்லி, கண்ணை இமைத்துக் காட்ட வேண்டும். தங்கபுஷ்பம் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போய்க் கேட்டாள்.

"சொன்ன நேரத்துக்கு வாரேன். சொன்ன இடத்துல நிக்கேன். வரலைன்னா காசப் பிடிக்கீங்க. இது வேலை இல்லாம வேற என்னது?"

மறுநாள் வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற மாசானம் இதைக் கேள்விப்பட்டுச் சிரித்தார். "உசுரோட இருக்கதுக்கு எவன் மைனி சம்பளம் குடுப்பான்?"

சனிக்கிழமை தீர்ப்பு வந்தது. அது வேலைதான். வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் முழுக் கூலி, தொழிலாளருக்குரிய எல்லா உரிமைகளும். அன்று அவள் மாத்திரையை உடைக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் மாசானம் வந்து கதவைத் தட்டினார்.

"மைனி, கெளம்பலையா? வரிசை பெருத்துரும்."

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமல்லா. வேலை பாக்கவங்களுக்கு லீவு. எல்லாருக்கும் சொல்லி விட்டாச்சு. போய்ப் படுங்க."

ஏழு மணிக்கு இயந்திரம் முதல் பெயரை அழைத்தது. பிறகு அடுத்த பெயரை. யாரும் வரவில்லை. அந்த வரிசையின் நானூறு பேரும் அவரவர் வீட்டில் உயிரோடு இருந்தார்கள்.