வெள்ளிக்கிழமை நன்றி

மீன் ஆலையின் உணவறையில் வாஃபிள் அப்பம் வேகும் வாசனை மீன் நெடியோடு கலந்து நிற்கிறது. நண்பகல்தான், ஆனாலும் இந்த வடகோடி ஊரில் ஜன்னலுக்கு வெளியே குளிர்கால இருட்டு நீலமாகக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லும் வழக்கத்தை மேலாளர் தூருன்தான் கொண்டுவந்தாள். இத்தனை மாதமும் அவள் மட்டுமே நன்றி சொன்னாள். மற்றவர்கள் வாஃபிளைத் தின்றுவிட்டுப் போனார்கள். வசந்தத்தில் ஆலையை மூடப்போவதாகத் தலைமை அலுவலகம் இன்று காலை அவளிடம் சொல்லிவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுகிறாள். அதற்குள் மீன் வெட்டும் ஒட்வார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நிற்கிறான். லேசில் வாய் திறக்காத மனுஷன். ஊறிச் சிவந்த விரல்கள் தொப்பியைத் திருகுகின்றன. "யூரிட், எனக்கு முதுகு பிடிச்சிருந்தப்ப என் மீன் பெட்டியையும் சேர்த்து நீதான் தூக்கினே. நான் ஒரு வார்த்தை சொல்லல. ரொம்ப நன்றிம்மா." "அட கிழவா, உனக்குப் பேசக்கூட வருமா?" என்று யூரிட் சிரிக்கிறாள், சிரித்தபடியே கண்ணைத் துடைக்கிறாள். மேசைக்கு மேசை கைகள் உயர்கின்றன. "அடுத்து நான் சொல்றேன், தூருன்!" எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்புகின்றன. தொண்டைவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "சொல்லுங்க," என்கிறாள் தூருன். "எல்லாரும் சொல்லி முடிங்க. நான் கடைசியாப் பேசறேன்."