ஆயிரம் பேருக்கு எத்தனை?

“ஒன்பது மணிக்கு வந்தேன். இப்ப பதினொண்ணரை. பிள்ளை உடம்பு அடுப்பா கொதிக்குது. நீங்க ஆடி அசைஞ்சு வர்றீங்களே சிஸ்டர்!”

ஆஸ்பத்திரி வராந்தாவே திரும்பிப் பார்த்தது. தையல்காரி வாய் திறந்தால் அப்படித்தான்.

நர்ஸம்மாவின் ஒரு கையில் ஊசி, மறு கையில் மருந்துச் சீட்டு, கக்கத்தில் ரெஜிஸ்டர்.

“வந்ததுமே காய்ச்சல் மருந்து குடுத்தேனேம்மா, இறங்கிடும். ஈரத்துணி வச்சுக்கிட்டே இருங்க. இன்னும் நாலே பேர்தான்.”

“நாலு பேரா! என் தங்கச்சி இருக்கிற நாட்டுல வாசல்ல கால் வச்சதும் நர்ஸ் ஓடி வருமாம். ஆறு கட்டிலுக்கு ஒரு நர்ஸாம்!”

“இங்க ஆறு கட்டிலே கிடையாதேம்மா” என்றார் காலில் கட்டுப் போட்டிருந்த பெரியவர். வராந்தா சிரித்தது.

தையல்காரியின் மூத்த மகள் சிரிக்கவில்லை. வீட்டுப்பாட நோட்டை மடியில் விரித்து நடுவில் கோடு போட்டிருந்தாள். ஒரு பக்கம் சித்தி இருக்கிற நாடு, மறுபக்கம் நம் நாடு. பாடப் புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள்: வருமானம், ஆயுள், ஆயிரம் பேருக்கு எத்தனை நர்ஸ்.

“அம்மா, அங்கே பதிமூணு. இங்கே ரெண்டு.”

“பார்த்தியா, புத்தகத்துலயே போட்டிருக்கான்! நல்லா அழுத்தி எழுதுடி” என்றாள் தையல்காரி, நர்ஸம்மா காதில் விழும்படி.

ஒருவழியாக முறை வந்தது. நர்ஸம்மா குழந்தையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். “வேர்க்க ஆரம்பிச்சிடுச்சு. தங்கம் தேறிட்டாரு.”

தையல்காரிக்கு உயிர் வந்தது. அப்போதுதான் நர்ஸம்மாவின் வீங்கிய பாதங்கள் கண்ணில் பட்டன.

“ஏன் சிஸ்டர், இன்னொரு ஆள் போடச் சொல்லக் கூடாதா?”

“ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.” நர்ஸம்மா அவள் முகத்தையே பார்த்தாள். “அதே ஜாடை. தங்கச்சி சௌக்கியமா?”

“எ… என் தங்கச்சியா?”

“இங்கதானே என்கூட வேலை பார்த்தா. வெளிநாட்டு வேலைக்கான பரீட்சைக்குப் படிக்கணும்னு சொன்னா. ஆறு மாசம் அவ டியூட்டியையும் நானே பார்த்தேன். பாஸாகிப் போயிட்டா, நல்லா இருக்கட்டும். அந்த இடத்துக்குத்தான் இன்னும் ஆள் வரலை.”

தங்கை இங்கே வேலை பார்த்தது தையல்காரிக்குத் தெரியும். அந்த ஆறு மாசம் தெரியாது.

“சிஸ்டர், நான் ஏதோ…” என்று இழுத்தாள்.

நர்ஸம்மா அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“நோட்டை மூடு. போகலாம்” என்றாள் தையல்காரி, மகள் முகத்தைப் பார்க்காமல்.

“இரும்மா, ஒரே ஒரு சந்தேகம். அங்கே பதிமூணுன்னு எழுதினேனே, அதுல நம்ம சித்தியும் ஒண்ணா?”