பக்கத்தில் பறந்தவள்

மதுரையில் வீட்டு சிமுலேட்டர் முன் உட்கார்ந்தே, தொலைவில் பறக்கும் ஆளில்லாத நிஜமான சரக்கு விமானத்தை ஓட்டுபவள் செண்பகவல்லி. அன்று அதற்கு முன்னால் போன பயணிகள் விமானத்தில் வேகம் காட்டும் கருவி செத்துவிட்டது.

"பக்கத்துல வந்து என் வேகத்தைச் சொல்லும்மா," என்றார் அதன் விமானி இருதயராஜ், ரேடியோவில்.

பதற்றத்தில், வேகம் கூட்டும் பிடியான த்ராட்டிலைக் கூடுதலாகத் தள்ளிவிட்டாள். அவருடைய இறக்கை திரையை அடைத்துக்கொண்டு வந்தது. சட்டென்று இழுத்தாள், வெகுவாகப் பின்தங்கினாள். மெல்ல மெல்லத் தள்ளி, அவரோடு சேர்ந்தாள்; இப்போது அவள் கருவி காட்டுவதே அவர் வேகம்.

"வேகம் குறையுது சார், கூட்டுங்க! போதும், அப்படியே இறங்குங்க."

அவருடைய சக்கரங்கள் ஓடுதளத்தைத் தொட்டதும் தன் விமானத்தை மேலேற்றி வட்டமடிக்கவிட்டாள். கீழே இருதயராஜ் இறங்கி நின்று, ஆளில்லாத அவள் விமானத்தைப் பார்த்துக் கையாட்டினார். செண்பகவல்லி த்ராட்டிலை விடாமலே, திரையைப் பார்த்து மறு கையை ஆட்டினாள்.