காயாத படகு

பியூலா சமையலறைக் கதவில் கடல் வரைந்திருந்தாள். கடலில் ஒரே ஒரு படகு. மின்வாரிய அலுவலகத்தில் வேலை என்பதால் தூரிகையைத் தொட ஞாயிறு மட்டும்தான் வாய்க்கும். அவள் கணவன் டேவிட்சனுக்குக் கைப்பிடியைத் தொடாமல் கதவை உள்ளங்கையால் தள்ளித் திறக்கும் பழக்கம். அந்தக் கை சொல்லிவைத்தாற்போல் ஈரம் காயாத படகின் மேல்தான் விழும். முதல் தடவை பெரிய சண்டை. அப்புறம், அவன் கை இழுத்துவிட்ட தீற்றலைப் படகுக்குப் பின்னால் நுரையாக்கிவிட்டு, படகைச் சற்றுத் தள்ளி மறுபடி வரைந்தாள். கையும் விடாமல் பின்தொடர்ந்தது. கதவோரத்தில் கிளம்பிய படகு நடுக்கடலுக்கு வந்துவிட்டது.

ஒரு ஞாயிறு மாலை, டேவிட்சன் அனுப்பியிருந்த கதவின் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, ஓவியக் கூடம் நடத்துபவர் வீட்டுக்கே வந்தார்.

“உங்க படம் எங்க கண்காட்சிக்கு செலக்ட் ஆயிருக்கு மேடம். அதை வைக்கிற சுவருக்கு வாடகை மட்டும் நீங்க கட்டினாப் போதும். கதவைக் கழட்ட ஆள் அனுப்புறேன்.”

“என் படத்துக்கு நானே வாடகையா?”

“நாலு பேர் பார்ப்பாங்கல்ல, பியூலா” என்றான் டேவிட்சன். அவன் முகமெல்லாம் பெருமை.

அவள் வந்தவரிடம் கேட்டாள். “அங்க யாராவது தொடுவாங்களா?”

“சேச்சே! கண்ணாடி போட்டுருவோம். ஒரு விரல் படாது.”

“அப்ப படகு எப்படிங்க நகரும்?”

அவருக்குப் புரியவில்லை. டேவிட்சன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான். காப்பி கொண்டுவர எழுந்தவன், முதன்முறையாகக் கதவின் கைப்பிடியைத் தேடினான்.

“அதெல்லாம் வேண்டாம்” என்றாள் பியூலா. “எப்பவும் போலத் தள்ளுங்க. இன்னும் காயல.”