அக்குளில் கை வைக்காமல்

மூன்றாவது முறையும் என் கைகள் பொம்மையின் அக்குளுக்குத்தான் போயின.

"பாருங்க, மறுபடியும் பழையபடியே தூக்குறீங்க," என்றார் சிஸ்டர். கோபமில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஊசி போடாத சிஸ்டர் என்று வார்டுப் பிள்ளைகள் அவருக்குப் பெயர் வைத்திருந்தார்கள். ஆபரேஷனுக்கு முதல் நாள் பெற்றோரை இந்தச் சின்ன அறைக்குக் கூட்டி வருவார். வீட்டுக்குப் போன பிறகு பிள்ளையை எப்படிக் குளிப்பாட்டுவது, எப்படிப் படுக்க வைப்பது, எப்படித் தூக்குவது என்று சொல்லித் தருவார். அதுதான் அவர் வேலை.

நாளைக் காலையில் என் மகளின் நெஞ்செலும்பைத் திறந்து மூடப்போகிறார்கள். அது ஒட்ட ஆறு வாரம் ஆகும். அதுவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கவே கூடாது. ஒரு கையை அடியில் கொடுத்து, மறு கையால் தோளையும் கழுத்தையும் தாங்கி, அப்படியே ஏந்த வேண்டும். பழகிக்கொள்ள, மணல் அடைத்த துணிபொம்மை ஒன்று கட்டில் மேல் கிடந்தது.

கேட்க எளிதாகத்தான் இருந்தது.

நான் பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள். காலையில் இருபத்திரண்டு, மாலையில் இருபத்திரண்டு. எல்லாரையும் அக்குளில் பிடித்து ஒரே தூக்கு. வீட்டுக்கு வந்தால் மிளகு. பத்துப் படி ஏறினால் அவளுக்கு உதடு நீலம் பாய்ந்துவிடும். எங்கள் மாடி வீட்டுக்கு அவள் காலால் ஏறியதைவிட என் இடுப்பில் ஏறியதுதான் அதிகம். ஐந்து வருஷப் பழக்கத்தை ஒரு மத்தியானத்தில் மறந்துவிடு என்றால் கை எப்படி மறக்கும்?

மிளகு என்பது வீட்டுப் பெயர். பிறந்தபோது அவ்வளவு சிறுசு. பேச்சு வந்த பிறகு அவ்வளவு காரம்.

"கிச்சுக்கிச்சு மூட்டாதம்மா, பாவம் அது," என்று நாற்காலியில் உட்கார்ந்தபடி பொம்மைக்குப் பரிந்து பேசினாள்.

"சார், நீங்க ஒரு தடவை பண்ணுங்க," என்று சிஸ்டர் அவரைக் கூப்பிட்டார்.

அவர் கதவோரமாக நின்றிருந்தார். கண்ணாடிக் கடையில் வேலை. ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி பொருத்துகிறவர். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு வந்து பொம்மையின் மேல் குனிந்தார்.

ஒரு கை அடியில் போனது. மறு கை தோளுக்குப் பின்னால். மெதுவாக நிமிர்ந்தார். பொம்மையின் தலை ஆடக்கூட இல்லை.

சிஸ்டர் கைதட்டியே விட்டார். "முதல் தடவையிலயே இவ்வளவு சரியா யாரும் பண்ணதில்ல. வேற அப்பாங்கன்னா மூட்டை தூக்குற மாதிரி தூக்குவாங்க. கண்ணாடி தூக்குற கை, அதான்!"

அவர் சிரிக்க முயன்றார். என் பக்கம் திரும்பவில்லை.

எனக்குப் பொறாமையாக இருந்தது. பொறாமை என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன். அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்களெல்லாம் கீறல். இடது கட்டைவிரலில் நீளமாக ஒரு தழும்பு. அது எப்போது பட்டதென்று எனக்குத் தெரியாது. யார் மருந்து போட்டுக் கட்டிவிட்டார்கள் என்றும் தெரியாது.

"பொம்மை போதும். இப்ப பாப்பாவையே தூக்குங்க," என்றார் சிஸ்டர்.

அவர் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டார்.

"தூக்கட்டுமா?" என்று மிளகிடமே கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவளும் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினாள்.

சொல்லிக்கொடுத்தபடியே கைகளைக் கொடுத்தார். எழுந்தார். மிளகின் தலை அவர் தோளில் வந்து சாய்ந்தது. மூச்சை விட்டால் எங்கே கலைந்துவிடுமோ என்பதுபோல் நின்றார்.

"அம்மா," என்றாள் மிளகு, "இந்த அங்கிள் கை நடுங்குதும்மா."

எழுதிக்கொண்டிருந்த சிஸ்டரின் பேனா நின்றது.

மிளகு பிறந்த பதினோராம் நாள், டாக்டர் ஒரு தாளில் இதயத்தை வரைந்து, ஓட்டை இருக்கும் இடத்தைக் காட்டினார். அதற்கு முன்பும், கை பட்டால் உடைந்துவிடுவாளோ என்று அவர் அவளைத் தூக்கியதே இல்லை. தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பார், அவ்வளவுதான். அன்று சாயங்காலம் மருந்து வாங்கப் போனவர் வீடு திரும்பவில்லை.

போன வாரம் அவருடைய அண்ணனிடம் நம்பர் வாங்கி, ஆபரேஷன் தேதியையும் ஆஸ்பத்திரி பெயரையும் மட்டும் அனுப்பினேன். வாங்க என்று எழுதவில்லை. இன்று காலை நாங்கள் வந்து இறங்கியபோது வாசலில் நின்றிருந்தார். யாரும்மா இது என்று மிளகு கேட்டதற்கு, தெரிஞ்சவங்க என்றேன்.

அவர் கைகளுக்கு மறக்க வேண்டிய பழக்கம் எதுவும் இல்லை.

அவரைப் பார்த்தால் கேட்பதற்கென்று ஐந்து வருஷமாக எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். திட்டுவதற்கும் இருந்தது. இப்போது ஒன்றே ஒன்றுதான் வந்தது.

"விட்டுடாதீங்க."

அவர் மிளகை இன்னும் கொஞ்சம் சேர்த்து ஏந்திக்கொண்டார்.

"போதும் சார், இறக்கி விடுங்க," என்று சிஸ்டர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.