ஏகமனதாக

காலடியில் ஆளுக்கொரு பிளாஸ்ரிக் கானுடன் பெண்கள் பொதுமண்டபத்தை நிறைத்திருந்தனர். கான்களில் எதிர்ப்புக் காட்டக் கொண்டுவந்த மண்ணெண்ணெய்தான் இருக்கும் என்று எண்ணிய அகிலன், பின்கதவு திறந்திருக்கிறதா என்று மெல்லத் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

அவன் கொழும்பிலுள்ள எரிசக்திக் கந்தோரின் அதிகாரி. தாழ்வுபாடு என்ற கரையோர ஊருக்கு அப்பால் போருக்குப் பின் மீளக் குடியேறிய அக்கிராமத்தில் ஹைட்ரஜன் ஆலை எழ வேண்டுமாயின், புதிய சட்டத்தின்படி ஊரவரின் சம்மதத்தை அவன் பெற்றுச் செல்லல் வேண்டும்.

"தேத்தண்ணி குடியுங்கோ தம்பி," என்று முன்வரிசையிலிருந்த மாக்கிறட் கோப்பையை நீட்டினாள். "சீனி போட்டனான். எண்டாலும் எங்கட கிணத்து உப்புத்தான் முன்னுக்கு வரும்."

மண்டபம் சிரித்தது. அகிலன் முகம் மாறாமல் விழுங்கிவிட்டுத் தொடங்கினான்.

"காத்தாடிக் கரண்டில ஹைட்ரஜன் எண்ட வாயுவைச் செய்வம். கப்பல்ல வெளிநாட்டுக்கு அனுப்புவம். அதை எரிச்சாப் புகையே இல்லை, சுத்தமான தண்ணிதான் வரும்."

"நேற்று ஓட்டோவில ஸ்பீக்கர் கட்டிச் சொன்னதும் இதுதானே?" என்று மாக்கிறட் கேட்டாள்.

"ஓம் அக்கா, இதேதான்."

அடுத்த தாளில், அவ்வாயுவைச் செய்வதற்கு வேண்டிய நீரை ஊரின் நிலத்தடியிலிருந்து எடுப்பது பற்றிய விதி இருந்தது. வாசித்தால் கூட்டம் குழம்பும் என்றஞ்சி, இரு தாள்களையும் ஒன்றாகச் சேர்த்துப் புரட்டினான். அது அவனுக்கே கூச்சமாக இருந்தது.

"விருப்பமான ஆக்கள் கையைத் தூக்குங்கோ."

எல்லாக் கைகளும் உயர்ந்தன.

"பெரியம்மா, ரெண்டு கையையும் தூக்காதேங்கோ, கள்ள வோட்டாப் போயிடும்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேலி செய்தது.

'ஏகமனதாக' என்று எழுதிய அகிலன் கைத்தொலைபேசியை எடுத்தான். "அப்பிடியே வைச்சிருங்கோ, ஒரு படம் எடுக்கவேணும்."

அவ்வேளை மாக்கிறட்டின் கான் சரிந்து, வெற்றொலி எழுப்பியவாறு அவன் காலடிக்கு உருண்டு வந்தது. உள்ளே ஒரு சொட்டும் இல்லை. இவர்களையா சந்தேகித்தோம் என்று நாணியவனாய், குனிந்து எடுத்துக் கொடுத்தான்.

"என்னத்துக்கு அக்கா வெறுங்கான்?"

"என்ன தம்பி, நீங்கள்தானே தண்ணி வரும் எண்டனீங்கள்? குடியேறின நாள்தொட்டு தண்ணிப் பவுசர் வாற வழியைத்தான் பாத்துக்கொண்டு கிடக்கிறம். இண்டைக்காவது முதல் ஆளா நிப்பம் எண்டு கொண்டு வந்தனாங்கள்."

அகிலனின் நாவின் நுனிவரை ஒரு பொய் வந்தது. ஆயினும் நூறு வெறுங்கான்களின் முன்னே அது வெளிப்பட மறுத்தது.

"அக்கா... அந்தத் தண்ணி எரிக்கிற இடத்தில, வெளிநாட்டிலதான் வரும்." அவன் தலை தாழ்ந்தது. "இங்கயிருந்து தண்ணி எடுக்கத்தான் போறம்."

எவரும் ஏசவில்லை. படத்துக்காகத் தூக்கிய கை தூக்கியபடியே இருக்க, மாக்கிறட் அவனைப் பார்த்துக் கேட்டாள்:

"அப்ப, கையை இறக்கட்டே தம்பி?"